பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்: டிக்கெட் எடுக்கும் முன் கவனிக்க வேண்டியது

துபையில் மகளுக்குப் பிரசவ நேரம். உம்மாவுக்கு விசிட் விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் எடுத்தாயிற்று, பிரசவ மருந்து பெட்டியில் ஏறிவிட்டது. விமான நிலையத்தில் செக்-இன் கவுன்டர் ஊழியர் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெயர் ஒரே சொல்லாக இருக்கிறது, ஏற்ற முடியாதும்மா" என்கிறார். 2022 நவம்பர் கடைசியில் நம் ஊர்களில் எந்தக் குடும்பத்துக்கும் இது நேர்ந்திருக்கலாம்.

அந்த ஆண்டு நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசா போன்ற தற்காலிக விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. ஏர் இந்தியா நிறுவனங்கள் பயண முகவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிய பிறகுதான் விஷயம் பரவியது. சில நாள்களில் விளக்கமும் வந்தது: பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்ளப்படும், அங்கே குடியிருப்பு விசா உள்ளவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. பதற்றம் தணிந்தது. நாமும் மறந்துவிட்டோம். நம் பெயர்கள் எழுதப்படும் விதம் மட்டும் மாறவில்லை.

கவுன்டரில் இருப்பவர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. அந்த நாடு ஏற்க மறுக்கும் பயணியைத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. பல நாடுகள் அபராதமும் விதிக்கின்றன. அதனால் சந்தேகம் வந்தால் ஏற்றாமல் விடுவதுதான் நிறுவனத்துக்குப் பாதுகாப்பு. நமக்கோ டிக்கெட் பணமும் போகிறது, மகள் பக்கத்தில் இருக்க வேண்டிய நாளும் போகிறது.

இதன் வேர் நம் பெயரிடும் முறையில் இருக்கிறது. தமிழ் முஸ்லிம்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே நமக்கு அடையாளம். பாஸ்போர்ட்டோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறது. இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். அந்தக் கட்டத்தை நிரப்பியவர் கணினி மையத்துப் பையனாக இருந்தால், அவருக்குத் தோன்றியதே நம் குடும்பப் பெயர். ஒரே வாப்பாவின் மூன்று பிள்ளைகளில் மூத்தவருக்கு முஹம்மது, அடுத்தவருக்கு மரைக்காயர், கடைசித் தங்கைக்கு அந்தக் கட்டமே காலி என்று இருக்கும் வீடுகள் நமக்குத் தெரியும். அமெரிக்க விசாவில் இது இன்னும் வேடிக்கை. சொந்தப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் அங்கே 'எஃப்.என்.யு.' என்று அச்சிடுவார்கள். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. அதையே அவருடைய பெயர் என்று நினைத்துக் கூப்பிடுபவர்களும் உண்டு.

இதைச் சரிசெய்யப் போய் இன்னொரு தவறில் விழுகிறோம். அப்துல் ரஹ்மான் என்ற பெயரை இரண்டாக வெட்டி, அப்துல் என்பதைச் சொந்தப் பெயராகவும் ரஹ்மான் என்பதைக் குடும்பப் பெயராகவும் கொடுத்துவிடுகிறோம். எல்லைச் சோதனையில் அது செல்லுபடியாகும், மறுப்பதற்கில்லை. ஆனால் அப்துல் என்று தனியே சொன்னால் அது பாதியில் நிற்கும் சொல். ரஹ்மான் அல்லாஹ்வின் திருநாமம். வெளிநாட்டு அலுவலகத்தில் ஒருவரை வாழ்நாள் முழுக்க 'மிஸ்டர் ரஹ்மான்' என்று அழைக்க நாமே ஏற்பாடு செய்துகொடுத்தது போல ஆகிறது. அப்துல் ரஹ்மானை முழுதாகச் சொந்தப் பெயர் கட்டத்தில் எழுதி, தந்தை பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதுவதே நேரான வழி. அரபு நாடுகளின் வழக்கமும் இதற்கு நெருக்கமானதுதான். அங்கும் சொந்தப் பெயரை அடுத்துத் தந்தை பெயர், பாட்டனார் பெயர் என்றுதான் வரிசை போகிறது.

பெண்கள் விஷயத்தில் குழப்பம் இரட்டிப்பு. பள்ளிச் சான்றிதழில் தந்தையின் இனிஷியல், ரேஷன் கார்டில் கணவரின் இனிஷியல், ஆதாரில் புதிதாக ஒரு 'பீவி' அல்லது 'பேகம்'. நிக்காஹ் முடிந்ததும் தந்தை பெயரை விட்டுவிட்டுக் கணவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று மார்க்கமும் சொல்லவில்லை, பாஸ்போர்ட் சட்டமும் கேட்கவில்லை. கணவர் பெயருக்கென்று பாஸ்போர்ட்டில் தனி இடமே இருக்கிறது. பிறகு ஏன் பெயரை மாற்றி நாமே சிக்கலைத் தேடிக்கொள்ள வேண்டும்?

திருத்த வேண்டியவர்கள் முதலில் பிறப்புச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், இரண்டில் ஒன்றை ஆதாரமாக வைத்துக்கொள்ளட்டும். ஆங்கில எழுத்துகள் உட்பட மற்ற எல்லாம் அதன்படி வர வேண்டும். முஹம்மது என்பதை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறோம். எது சரி என்ற வாதம் வேண்டாம், எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தால் போதும். ஆதாரையும் பான் கார்டையும் சரிசெய்த பிறகு பாஸ்போர்ட் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தத்கால் என்றால் மேலும் 2,000. பெயரே வேறாகிறது என்றால் அரசிதழில் வெளியிட வேண்டியிருக்கும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும், டிக்கெட் கையில் வைத்துக்கொண்டு செய்கிற வேலை அல்ல. பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது செல்லுபடிக் காலம் மிச்சம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

வளைகுடாவில் வேலையில் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். அங்குள்ள அடையாள அட்டை, வேலை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எல்லாம் பழைய பெயரில் இருக்கும். பாஸ்போர்ட்டில் மட்டும் மாற்றினால் விசா புதுப்பிக்கும்போது இடிக்கும். பாஸ்போர்ட் காலாவதியாகும் சமயத்தில், கம்பெனியின் பி.ஆர்.ஓ.விடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு மாற்றுவதே நல்லது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. நிக்காஹ் தஃப்தரில் மணமகன், மணமகள் பெயரைக் காதால் கேட்டபடி எழுதுகிறோம். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுக்கு ஆதாரமாக இருப்பது நம் தஃப்தர். அமீரகத்துக்கு மனைவியை அழைக்க அந்தச் சான்றிதழ் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று முத்திரை வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஓர் எழுத்து தவறு என்றால் திரும்ப முதலிலிருந்து. இரு தரப்பு பாஸ்போர்ட்டையும் பார்த்து எழுதுவதற்குப் பத்து நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

இனி பிறக்கும் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றே எல்லாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் பெற, பிறந்த தேதிக்கு அது ஒன்றுதான் ஆதாரம். மருத்துவமனையிலிருந்து பெயர் இல்லாமல் பதிவானால் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், அதன்பின் 15 வயது வரை தாமதக் கட்டணத்துடன். ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் வைக்கிறோம். அந்த வாரமே பதிவாளர் அலுவலகத்துக்கும் போய், இனிஷியலாக இல்லாமல் தந்தை பெயரை முழுதாகச் சேர்த்து, பெற்றோரின் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளில் எழுதிக் கொடுத்துவிடலாம்.