உப்பும் நீரும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. தண்ணீருக்கும் இது பொருந்துமோ எனின், பொருந்தும் என்பதே எம் துணிபு. வைகாசி வெயிலில் காஞ்சிமாநகர வீதிகளில் பெருமாளைத் தோளிற் சுமந்து செல்லும் ஸ்ரீபாதம் தாங்கிகளை எண்ணியே இதனை எழுதப் புகுந்தோம்.

வரதராஜப் பெருமாள் கோயிலின் வைகாசிப் பெருவிழாவில் மூன்றாம் நாள் கருட சேவை நிகழும். விடியற்காலையில் புறப்படும் வாகனம், சின்னக் காஞ்சியினின்றும் பெரிய காஞ்சி சென்று, கங்கைகொண்டான் மண்டபம் கண்டு மீளும். கனத்த தண்டுகளைத் தோளில் ஏந்தி, மக்கள் வெள்ளத்தினூடே நெடுநேரம் நடப்போரின் உழைப்பு, உலகம் போற்றும் நெடுந்தொலை ஓட்டக்காரரின் உழைப்பினும் எளியதன்று. இவர்க்கு வழித்துணையாவன தண்ணீர்ப் பந்தல்களே. ஆதலின் பந்தலில் நிற்போர் அறியவேண்டுவன சில உள.

வியர்வை வெறும் நீரன்று. ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ 1 முதல் 4 கிராம் வரை உப்புக் கழியும். வெயிலிற் கடிதின் உழைப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்ப்பதுண்டு. இவ்விழப்பை ஈடுசெய்யக் கருதி, விடாய்க்கு மிஞ்சி வெறுநீரையே பருகிக்கொண்டிருப்பின், குருதியிலுள்ள சோடியம் நீர்த்துப்போம். அதன் இயல்பான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். அது விரைந்து மிகக் குறையுமாயின், நீர் உயிரணுக்களுட் புகுந்து மூளை வீங்கும். தலைவலி, குமட்டல், அறிவு மயக்கம், வலிப்பு என வளர்ந்து உயிரையும் கொள்ளும்.

இது வெறும் அச்சமன்று. 2002-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தின் முடிவில் 488 பேரின் குருதியைச் சோதித்தனர். நூற்றுக்குப் பதின்மூவர்க்குச் சோடியம் குறைந்திருந்தது. மூவர்க்கு உயிர்க்கு இடர் விளைக்கும் அளவு தாழ்ந்திருந்தது. வியர்த்ததினும் மிகுதியாகப் பருகி, ஓடிய பின்னர் எடை கூடியவர்களிடத்தேதான் இக்குறை மிகுந்து காணப்பட்டது. உப்பிட்ட பானமும் அளவு மிஞ்சினால் காவாது என்பதும் அவ்வாராய்ச்சியால் விளங்கிற்று.

அங்ஙனமாயின் நீர் கொடாதிருப்பதோ? அன்று, அது கொடுமையினும் கொடுமை. வெம்மையால் நீர் வற்றிச் சாய்வாரும் உளரன்றோ? விடாயே அளவுகோல் என்பதே யாம் கூறுவது. கேட்பவர்க்குத் தட்டாது கொடுக்க, வேண்டாவென்பாரை வற்புறுத்தற்க.

கொடுப்பதிலும் தேர்ச்சி வேண்டும். 1971-இல் மேற்கு வங்க அகதி முகாம்களில் வாந்திபேதி பரவியபொழுது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகக் கொடுத்து எண்ணிறந்த உயிர்களைக் காத்தார். சர்க்கரையோடு சேர்ந்த உப்பைக் குடல் எளிதில் ஈர்க்கும். அதனைத் தொடர்ந்து நீரும் உட்செல்லும். நம் நீர்மோரில் உப்புண்டு, பானகத்தில் வெல்லமுண்டு. நெடுநேரம் சுமப்பவர்க்கு இவ்விரண்டும் வெறுநீரினும் நல்லவை. இவற்றை விட்டு, தண்ணீர்ப் பொட்டலங்களை மட்டும் அடுக்கி வைப்பது அறத்திற் குறைவின்றாயினும் அறிவிற் குறைவே.

மற்றொன்று. பிதற்றியும் வாந்தியெடுத்தும் தளர்ந்து வீழ்ந்தவர் வாயில் மேன்மேலும் நீர் புகட்டுதல் பெருந்தீங்காக முடியும். நிழலிற் கிடத்தி, உடலைக் குளிர்வித்து, விரைந்து மருத்துவரிடம் சேர்ப்பிப்பதே கடன்.

மாணவ நண்பர்காள்! விழா நாட்களில் தொண்டாற்றச் செல்வோர் நம்மில் பலர். அடுத்த வைகாசியிற் செல்லுங்கால், குடத்தை நிரப்புமுன் ஒரு பிடி உப்பை மறவாதிருப்போமாக. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது உண்டவர்க்கு உரைத்த அறம். உப்பிட மறவாதிருத்தல் ஊட்டுவார்க்குரிய அறமாகும்.