எல்லாமே குரங்குதானா?

டிஸ்கி: இது விலங்கியல் பாடம் இல்லை. பொட்டி தட்டிப் பிழைக்கிற ஒருத்தன் ஊருக்குப் போன இடத்தில் 500 ரூபாய் கொடுத்துவிட்டு, கொடுத்தது தப்போ என்று புலம்புவது. ஆணி அதிகம் இருப்பவர்கள் நேரே கடைசிக்குப் போய்விடலாம் :-)

போன மாசம் ஆரணிக்குப் போயிருந்தேன். எங்களுடையது ஓட்டு வீடு. கூடத்தில் அப்பாவின் தறி. மத்தியானம் அவர் சாப்பிட எழுந்த நேரம் பார்த்து, ஓட்டை விலக்கிக்கொண்டு ஒரு குரங்கு இறங்கிவிட்டது. நான் எட்டிப் பார்த்தபோது அது அப்பா உட்காருகிற பலகையிலேயே உட்கார்ந்திருந்தது. ஜரிகை இழை ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தது. சத்தியமாக அப்பா பார்க்கிற மாதிரியேதான். நான் 'ஏய்' என்று கத்தினேன், அதுதான் தப்பு. பயந்துபோய் பாவு மேலேயே தாவி ஓடிவிட்டது. மூணு புடவைக்கான பாவு. அப்பா ரெண்டு நாள் தலை நிமிராமல் அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நெய்தால்தான் கூலி. அந்த ரெண்டு நாளுக்குக் கூலி கிடையாது.

தெருவில் ஏற்கெனவே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கூண்டு வைக்கிற ஆள் ஒருத்தர் இருக்கிறாராம், பிடித்து ஜவ்வாது மலையில் விட்டுவிடுவாராம், வீட்டுக்கு 500 ரூபாய். "மலைதானேப்பா அதுக்கு வீடு, அங்க போய் சௌக்கியமா இருக்கட்டும்" என்றார் எதிர்வீட்டுப் பெரியம்மா. எனக்கும் அதே நினைப்பு. யோசிக்காமல் ஜிபே பண்ணிவிட்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில்தான் வால்பாறை ஞாபகம் வந்தது. கொசுவத்தியைச் சுத்திக்கொள்ளவும். ஆபீஸ் கும்பலோடு போயிருந்தோம். புதுத்தோட்டம் பக்கம் காப்பிச் செடிகளுக்கு மேலே மரத்தில் கருப்பாக, முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரியோடு ஒரு கூட்டம். சிங்கவால் குரங்கு. கூட வந்த ஒருத்தன் "எங்க ஊர்லயும் நிறைய இருக்குடா" என்று சொல்லி சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தான். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அந்தக் குரங்கு உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் உண்டு. மொத்தமே சில ஆயிரம்தான். 1970-களில் கேரளாவில் சைலண்ட் வேலியில் அணை கட்டக்கூடாது என்று கிளம்பிய போராட்டத்துக்கு அடையாளமாக நின்றது இதுதான்.

இன்னொரு வேடிக்கை. பக்கத்துக் காட்டிலேயே நம்ம ஊர் நாட்டுக்குரங்கும் இருக்கிறது. ஆனால் சிங்கவாலுக்கு நெருங்கின பங்காளி அது இல்லை. மலேசியா, சுமத்ரா பக்கம் இருக்கிற பன்றிவால் குரங்குதான் பங்காளி. நாட்டுக்குரங்கின் பங்காளியோ இலங்கையில் இருக்கிற செங்குரங்கு. இந்த வம்சம் முழுக்க சுமார் 50, 60 லட்சம் வருஷத்துக்கு முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியாவுக்குள் வந்தது. வந்த பிறகு கிளை கிளையாகப் பிரிந்து, ஒன்று மழைக்காட்டு மரஉச்சியை விட்டு இறங்காமல் பழம் தேடித் தின்கிறது, ஒன்று கோயில் குளம், பஸ் ஸ்டாண்டு என்று எங்கேயும் சமாளிக்கிறது. ஒன்றுக்குப் பிழைப்பாக இருக்கிற இடம் இன்னொன்றுக்குச் சாவு.

மந்திகள் தனிக் கிளை. நீலகிரிக் கருமந்தி, நீண்ட வாலும் சாம்பல் மேனியுமாக இருக்கிற மந்தி இதெல்லாம். நாட்டுக்குரங்குக்குக் கன்னத்தில் பை உண்டு, வேர்க்கடலையை அடைத்துக்கொண்டு ஓடும். மந்திக்கு அந்தப் பை கிடையாது. அதற்குப் பதிலாக இலை தழையை ஊறவைத்துச் செரிக்க அறை அறையாக வயிறு. கட்டைவிரலும் குட்டையாகிவிட்டது. கிளையைக் கொக்கி மாதிரி பிடித்துத் தாவ அதுவே வசதி. கடலுக்கு அந்தப் பக்கம் தென் அமெரிக்காவில் சிலந்திக்குரங்கு என்று ஒன்று உண்டு, அதற்குக் கட்டைவிரல் அனேகமாக இல்லவே இல்லை. பாவு முடிச்சுப் போடும் வேலைக்கு ரெண்டு பேருமே ஆகமாட்டார்கள் :-) அதன் சொந்தக்காரர்களான ஊளைக்குரங்கு நம்ம மந்தி மாதிரியே நிறைய இலை தின்கிறது, ஆனால் செரிமானம் பெருங்குடல் பக்கம் நடக்கிறது. கம்பளிக்குரங்கும் இவர்கள் வீட்டுப் பிள்ளைதான். மூணும் வாலையே அஞ்சாவது கையாக வைத்திருக்கின்றன. நம்ம மந்திக்கு அவ்வளவு நீள வால் இருந்தும் அதால் ஒரு குச்சியைக்கூடப் பிடிக்க முடியாது. ஒரே தேவைக்கு ரெண்டு கண்டத்தில் ரெண்டு விதமான வழி.

இதையெல்லாம் நாம் ஒரே சொல்லில் 'குரங்கு' என்று முடித்துவிடுகிறோம். இத்தனைக்கும் தொல்காப்பிய மரபியலில் குரங்கு, முசு, ஊகம் என்று மூணு இனம் தனித்தனியாக இருக்கிறது, மூன்றிலும் பெண்ணுக்குப் பெயர் மந்தி. இப்போது முசு என்றால் யாருக்குத் தெரியும்? காஞ்சிபுரம் பட்டு வேறு, ஆரணிப் பட்டு வேறு என்று சண்டைக்கு நிற்கிற ஊர் என்னுடையது. எல்லாம் ஒரே புடவைதானே என்று யாராவது அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

சொல் போனால் என்ன என்று கேட்கலாம். 'குரங்கு, அதான் எங்கேயும் இருக்கே' என்கிற நினைப்பு வருகிறதே, அதுதான் பிரச்சனை. நாட்டுக்குரங்கு தென்னிந்தியாவை விட்டால் வேறெங்கும் கிடையாது. மைசூர்ப் பக்கம் 25 வருஷமாக எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள், பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது என்று 2017-ல் எழுதினார்கள். சாலையோர ஆலமரங்களை வெட்டினோம், பிடித்துப் பிடித்து வேறெங்கோ விட்டோம். வடக்கேயிருந்து கோதாவரியைத் தாண்டி ரீசஸ் குரங்கு வேறு இறங்கிக்கொண்டிருக்கிறது. குட்டை வால், முரட்டு ஆசாமி. அது வந்த இடத்தில் நாட்டுக்குரங்கு நிற்பதில்லை. அதன் பரவலுக்கும் இப்படி வண்டியில் ஏற்றி ஊர் மாற்றி விட்டது ஒரு காரணம் என்கிறார்கள்.

என் 500 ரூபாய்க்கு வருகிறேன். நாட்டுக்குரங்குக் கூட்டத்தில் அம்மா, பொண்ணு, பேத்தி என்று பெண்கள் பிறந்த இடத்திலேயே இருப்பார்கள், ஆண்கள்தான் வளர்ந்ததும் வெளியே போவார்கள். கூண்டில் மாட்டுவது நாலைந்து. மீதி தெருவிலேயே. மலையில் இறக்கிவிட்டது எதைத் தின்னும்? தலைமுறை தலைமுறையாக நம்ம குப்பைத்தொட்டியிலும் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் புண்ணியத்துக்கு நீட்டும் வாழைப்பழத்திலும் வளர்ந்தது. நேரே மலைக்கிராமத்துச் சாமைக் கொல்லையில்தான் இறங்கும். அங்கே இருப்பவர்களுக்கு எங்கள் தெருவை விட வருமானம் கம்மி. நம்ம தொல்லையை அவர்கள் தலையில் கட்டுவதற்கு 'காட்டில் விடுகிறோம்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அதற்காக அப்பாவின் ரெண்டு நாள் கூலி பொய்யா? இல்லை. குரங்கு பாவம் என்று பெங்களூரில் ஏசியில் உட்கார்ந்து எழுதுவது சுலபம் என்று எனக்கும் தெரியும். ஆனால் கூண்டுக்குக் காசு கொடுத்ததற்குப் பதில் ஓட்டுக்கடியில் கம்பிவலை அடித்திருக்கலாம். எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் தறி இருக்கிறதோ அத்தனை வீட்டிலும் அடித்திருக்கலாம். மூடி போட்ட குப்பைத்தொட்டிக்குச் செலவு அதை விடக் கம்மி.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அஞ்சு பிடிச்சுட்டுப் போனாங்கடா. பத்து நாள்தான் நிம்மதி. இப்ப ஏரிப் பக்கத்துலேர்ந்து வேற கும்பல் வந்திருக்கு, அதுல ஒண்ணுக்குக் காது கிழிஞ்சிருக்கு" என்றார். கம்பிவலைக்குக் கூலியோடு சேர்த்து 4,200 ரூபாய் ஆகுமாம். அனுப்பிவிட்டேன். ஆசாரி வருகிற வரைக்கும் அவருக்கு மத்தியானச் சாப்பாடு தறிப் பலகையிலேயேதான்.