பதறாத பெடல் சிதறாது!



ஆகஸ்ட் வந்தாலே நம் பள்ளி சைக்கிள் ஸ்டாண்டில் ஒரே பேச்சுதான். செப்டம்பர் 15 பேரறிஞர் அண்ணா பிறந்தநாளை ஒட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் மிதிவண்டிப் போட்டி! 13, 15, 17 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று மூன்று பிரிவு. 17 வயதுப் பிரிவில் மாணவர்களுக்கு 20 கிலோமீட்டர், மாணவிகளுக்கு 15 கிலோமீட்டர்.

இந்தப் போட்டியைப் பற்றி ஸ்டாண்டில் பேசப்படும் பேச்சில் இரண்டு தப்பு இருக்கிறது என்பது என் கருத்து. ஒன்று, "எடுத்த எடுப்புலயே பிச்சிக்கினு போயிடணும் மச்சி." இரண்டு, "சைக்கிள் இன்னா பெரிய மேட்டரு, கால்ல தெம்பு இருந்தா போதும்." போன வருஷம் வரைக்கும் இந்த இரண்டையும் சத்தமாகச் சொன்னவன் நான்தான். அதனால் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பட்டவன் சொல்கிறேன், கேளுங்கள்.

போன வருஷம் நடந்தது

போட்டிக்கு ஆள் எடுக்க நம் பி.டி. சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மெரினா காமராஜர் சாலைக்கு எங்களை வரச் சொன்னார். உழைப்பாளர் சிலைப் பக்கத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்ப வேண்டும். அதுபோல இரண்டு முறை. மொத்தம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். எல்லோரையும் ஒன்றாக விடவில்லை. ஒரு நிமிஷத்துக்கு ஒருத்தர் என்று தனித்தனியாக விட்டார். வெளிநாட்டில் இதை டைம் ட்ரையல் என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் "உண்மையின் போட்டி". ஏனென்றால் முன்னால் போகிறவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காற்றுக்குத் தப்ப முடியாது. நீயும் கடிகாரமும்தான்.

என் முறை வந்தது. ரோட்டோரம் எங்க ஏரியா பசங்க நின்று கத்தினார்கள். சும்மா விடுவேனா? எதிர்காற்றில் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தேன். எனக்கு முன்னால் கிளம்பிய இரண்டு பேரைத் தாண்டினேன். முதல் 5 கிலோமீட்டர் 11 நிமிஷம்! அப்புறம்தான் சோதனை. தொடை கல் ஆயிற்று. வாயில் எச்சில் இல்லை. ஏழாவது கிலோமீட்டரில் செயின் வேறு கழன்றுகொண்டது. இரண்டாவது 5 கிலோமீட்டர் 15 நிமிஷம். மொத்தம் 26 நிமிஷம்.

எனக்குப் பின்னால் வந்தவன் பத்தாம் வகுப்புத் தம்பி. தினமும் விடியலில் வீடு வீடாகப் பால் பாக்கெட் போடுகிறவன். அவன் ஓட்டியதைப் பார்த்து, "இன்னாடா இவன் மார்க்கெட்டுக்குப் போறானா?" என்று பசங்க சிரித்தார்கள். முதல் பாதி 12 நிமிஷம் 30 நொடி. இரண்டாம் பாதி 12 நிமிஷம் 20 நொடி. மொத்தம் 24 நிமிஷம் 50 நொடி. என்னை விட 1 நிமிஷம் 10 நொடி குறைவு! அவன் தேர்வானான். நான் செயின் கிரீஸ் கையோடு வீடு திரும்பினேன்.

செயின் கழன்றதால்தான் தோற்றேன் என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். செயின் மாட்ட அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மீதி நேரம் எங்கே போனது?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒருவன் முதல் 5 கிலோமீட்டரை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திலும், அடுத்த 5 கிலோமீட்டரை 20 வேகத்திலும் ஓட்டுகிறான். சராசரி என்ன? உடனே 25 என்பீர்கள். இல்லை நண்பர்களே! முதல் பாதிக்கு 10 நிமிஷம், இரண்டாம் பாதிக்கு 15 நிமிஷம், ஆக 25 நிமிஷம். சராசரி 24தான். முழுக்க 25 வேகத்தில் சீராக ஓட்டியவன் 24 நிமிஷத்தில் முடித்திருப்பான். வேகமாகப் போகும் நேரம் கொஞ்சம், மெதுவாக ஊர்ந்துபோகும் நேரம் அதிகம். அதனால் முன்னால் சம்பாதித்ததை விடப் பின்னால் இழப்பதுதான் எப்போதும் அதிகம்.

இன்னொன்று காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதை வெல்ல நாம் செலவழிக்கும் திறன் எட்டு மடங்காகிறது. 20 வேகத்தை 25 ஆக்கினால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. ஆனால் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய திறன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! சந்தேகம் இருந்தால் இயற்பியல் சாரைக் கேளுங்கள். அந்த அளவுக்கு மிதிக்கும்போது மூச்சில் வரும் ஆக்ஸிஜன் தசைக்குப் போதாது. கால் கனத்துவிடும். ஒரு தடவை கனத்தால் ஓட்டிக்கொண்டே அதைச் சரிசெய்வது கஷ்டம்.

அப்படியானால் எப்படி ஓட்டுவது? முதல் இரண்டு நிமிஷம் "இது ரொம்ப ஈஸியா இருக்கே" என்று தோன்ற வேண்டும். நடுவில் இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். எதிர்காற்றில் கொஞ்சம் கூடுதலாக மிதிக்கலாம், ஆனால் எழுந்து நிற்கக் கூடாது. குனிந்து, முழங்கையை ஒடுக்கிக்கொள்ள வேண்டும். பின்காற்றில் மூச்சைச் சரிசெய்துகொள்ளலாம். மிச்சம் வைத்திருப்பதை எல்லாம் கடைசி ஒரு கிலோமீட்டரில் கொட்டிவிட வேண்டும்.

1989ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் போட்டியின் கடைசி நாள். வெர்சாய் நகரிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர் டைம் ட்ரையல். அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட், பிரான்சின் லோரான் ஃபின்யோனை விட 50 நொடி பின்தங்கி இருந்தார். வழியில் தன் நேரத்தை யாரும் தனக்குச் சொல்ல வேண்டாம் என்று தன் அணியிடம் கூறிவிட்டு, குனிந்த தலையோடு தன் ஓட்டத்தை மட்டும் ஓட்டினார். மூன்று வாரப் போட்டியை 8 நொடியில் ஜெயித்தார்! கத்துகிற பசங்களுக்காக ஓட்டிய என்னையும் அவரையும் ஒப்பிட்டுப் பார்த்து நானே வெட்கப்பட்டேன்.

"1972இல் மெக்சிகோ நகரில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேர சாதனை செய்தபோது ஆரம்பத்திலேயே வேகமாகத்தானே போனார்?" என்று என் நண்பன் மடக்கினான். உண்மைதான். 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். ஆனால் அவர் அதற்கு முன்பே நான்கு முறை டூர் டி பிரான்ஸ் ஜெயித்தவர். நாம் நான்காவது பீரியடிலேயே கொட்டாவி விடுகிறவர்கள்.

"அடக்கி ஓட்டுறது பயந்தவன் வேலை" என்றும் சொல்கிறார்கள். இதற்கு என் நைனா ஒரு பதில் சொன்னார். "போட்டுல டீசல் ரொப்பிக்கினு போறவன், போறப்பவே எல்லாத்தையும் எரிச்சிட்டா கரைக்கு எப்டிடா வருவான்? திரும்பி வர்றதுக்கு எடுத்து வெக்கறவன்தான் கடலுக்குப் போவணும்." காசிமேட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா?

சைக்கிளுக்கும் வாய் உண்டு

இப்போது இரண்டாவது தப்புக்கு வருகிறேன். இதை எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

என் சைக்கிள், பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்குத் தொடங்கி, 2005-06இல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிவான திட்டம் இது. எங்கள் வீட்டில் ஒரு சைக்கிள்தான். விடிகாலை 3 மணிக்கு நைனா அதில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போவார். வீட்டுக்கு வந்ததும் நான் எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வருவேன்.

கடல் காற்றில் உப்பு. ஐஸ் தண்ணியில் உப்பு. நம்ம ராயபுரத்தில் இரும்பு சும்மா நின்றாலே துரு பிடிக்கும். சைக்கிள் கடை பாய், தேர்வு ஓட்டத்துக்கு முன்பே பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, செயின் லூசு. பின் பிரேக் வயரு நூல் நூலா பிரியுது. மாத்திடு." நான் என்ன செய்தேன் தெரியுமா? நைனா கொடுத்த காசில் ரிம்முக்கு ரேடியம் ஸ்டிக்கரும் ஹேண்டில் பாருக்குப் புது கிரிப்பும் வாங்கினேன். கெத்தாக இருந்தது!

செயின் என்னைப் போட்டியில் கழற்றிவிட்டது. அது போகட்டும். அடுத்த பத்தாவது நாள் இருட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று ஓரம் கட்ட, நைனா பிரேக் பிடித்தபோது அந்த வயர் அறுந்துபோனது. காலை ஊன்றி விழுந்து நின்றார். முட்டி பெயர்ந்து ஒரு வாரம் வேலை இல்லை. "ரோடு சரியில்லடா" என்றுதான் என்னிடம் சொன்னார். அறுந்த வயரைப் பார்த்த எனக்குத் தெரியும். அன்றைக்கு ரேடியம் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் பாய் கடையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைக் கீழே எழுதுகிறேன்.

1. செயின்: வாரம் ஒரு முறை பழந்துணியில் கொஞ்சம் டீசல் நனைத்துத் துடைத்து, காய்ந்த பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு விட வேண்டும். வெளியே வழியும் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மண் ஒட்டிப் பிசினாகும்.

2. செயின் தேய்மானம்: 30 செ.மீ. ஸ்கேல் எடுத்து அங்குலப் பக்கத்தை வையுங்கள். புது செயினில் ஒரு பின்னிலிருந்து 24ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் இருக்கும். கால் அங்குலத்தில் பாதி தள்ளிப் போயிருந்தால் அது தேய்ந்த செயின், பல் சக்கரத்தையும் தின்றுகொண்டிருக்கும்.

3. பிரேக்: ஒயரின் இரண்டு முனையையும் பாருங்கள். ஒரு நூல் பிரிந்தாலும் மாற்றிவிடுங்கள். பிரேக் கட்டை ரிம்மில் படணும், டயரில் படக் கூடாது.

4. காற்று: காற்று குறைந்த டயரில் மிதிப்பது மணலில் மிதிப்பது மாதிரி. பஞ்சரும் சீக்கிரம் ஆகும்.

5. சக்கரம்: தூக்கிச் சுற்றிவிட்டுப் பாருங்கள். ஆடினால் கோட்டம் எடுக்க வேண்டும். பிரேக் கட்டையில் உரசும் சக்கரம் நம் தெம்பைத் திருடுகிறது.

6. சீட்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் முழங்கால் நீள வேண்டும். தாழ்ந்த சீட்டில் ஓட்டினால் முட்டி வலிதான் மிச்சம்.

7. உப்புத் தண்ணி பட்டால்: நல்ல தண்ணியில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட வேண்டும். அன்றைக்கே!

என் கோரிக்கை

அண்ணா பிறந்தநாள் போட்டியில் கியர் சைக்கிள் கூடாது. இந்தியாவில் செய்த சாதாரண சைக்கிள்தான் எல்லோருக்கும். அதாவது பணக்கார வீட்டுப் பையனுக்கும் நமக்கும் வித்தியாசம் சைக்கிளின் விலையில் இல்லை. ஓட்டும் நிதானத்திலும் பார்த்துக்கொள்ளும் அக்கறையிலும்தான் இருக்கிறது. இரண்டுக்கும் காசு அதிகம் வேண்டாம்.

ஆகவே நம் பி.டி. சாரிடமும் தலைமை ஆசிரியரிடமும் பணிவோடு கேட்கிறேன். தேர்வு ஓட்டத்துக்கு முந்தைய வாரம் ஒரு விளையாட்டுப் பீரியடை சைக்கிள் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள். ஸ்டாண்டில் ஒரு பம்ப், ஒரு ஸ்பேனர், ஒரு எண்ணெய்க் கேன் வையுங்கள். ஆளுக்கு 5 ரூபாய் போட்டால் நாங்களே வாங்கிவிடுவோம். தேர்வில் மொத்த நேரத்தோடு பாதி நேரத்தையும் எழுதிப் போர்டில் ஒட்டுங்கள். யார் சீராக ஓட்டினார்கள் என்று எல்லோருக்கும் தெரியட்டும். மாணவ நண்பர்களே, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பயிற்சி எடுக்காதீர்கள். சைக்கிளை வந்த விலைக்கு விற்றுவிடவும் செய்யாதீர்கள். உங்களுக்கு அது வேண்டாம் என்றாலும் வீட்டில் யாருக்காவது அது வேலைக்குப் போகும் கால்.

எனக்கு இந்த வருஷம் வயது தாண்டிவிட்டது. போட்டியில் ஓட்ட முடியாது. ஆனால் தேர்வு நாளில் சார் அனுமதித்தால் பாதி தூரத்தில் கடிகாரத்தோடு நிற்பேன். "பிச்சிக்கினு போ" என்று கத்த மாட்டேன். "மூச்சைப் பாரு, பொறுமையா மிதி" என்றுதான் சொல்வேன். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இதைப் படித்து முடித்ததும் நேராக ஸ்டாண்டுக்குப் போய், உங்கள் பிரேக் ஒயரை ஒரு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.



இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்