யமசாகியில் ஒரு பகல்

கியோத்தோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே, கட்சுரா, உஜி, கிசு என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடத்திற்கு அருகில் உள்ளது யமசாகி. தோரீ ஷிஞ்சிரோ 1923-இல் இங்கே விஸ்கி வடிசாலையை எழுப்பத் தொடங்கினார். ஸ்காட்லாந்தில் தொழில் கற்றுத் திரும்பிய தகெட்சுரு மசதாகா அவருக்குத் துணைநின்றார். பின்னர்ப் பிரிந்துபோய், 1934-இல் ஹொக்கைடோவின் யோஇச்சியில் தமக்கென ஒன்றை நிறுவினார். (நிலக்கரித் தீயில் வடிக்கும் பழைய வழக்கம் அங்கே இன்றும் உண்டு.)

ஒருநாள் வழிகாட்டிச் சுற்றுலாவில் நாங்கள் சென்றிருந்தோம். செப்புக் கலன்களைப் பற்றி விளக்கம் விரிவாகவே கிடைத்தது. பீப்பாய்க் கிடங்கிலோ சில நிமிடங்கள்தாம். மரத்தின் வழியே ஆண்டுதோறும் ஆவியாகிப் போவதைத் 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். அந்த இருளிலும் ஓக் மர மணத்திலும் சற்றே நிற்கத்தான் அவ்வளவு தொலைவு போனோம். ஜப்பானிய விஸ்கி என்று பெயரிட மூன்றாண்டுகளாவது மரப்பீப்பாயில் கிடக்க வேண்டுமென்று 2021-இல் தயாரிப்பாளர் சங்கம் நெறி வகுத்தது. எங்களை அழைத்துச் சென்றவர்க்கோ மூன்று நிமிடப் பொறுமை இல்லை. மாலைக்குள் இன்னொரு வடிசாலையையும் காட்டியாக வேண்டுமாம்!

அதைக்கூடப் பொறுக்கலாம். யமசாகி ரயில் நிலையத்தை ஒட்டியே மியோகி-ஆன் கோயில் இருக்கிறது. அதனுள், சென் நோ ரிக்யூ அமைத்ததாகக் கருதப்படும் தை-ஆன் தேநீர்க்குடில். இரண்டே பாய் அகலம். நல்ல நீருக்குப் பெயர்பெற்ற ஊரில் தேநீரும் விஸ்கியும் அண்டைவீட்டாராய் வாழ்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது என்ன வழிகாட்டல்? கேட்டோம். குடிலுக்கு முன்பதிவு வேண்டும் என்றார். வடிசாலைக்கும் முன்பதிவு செய்துதானே போயிருந்தோம்?