பெண் தொழில்முனைவர் விருதுகள்: கேடயம் கைக்கு வந்த பிறகு என்ன?

மார்ச் 8 அனைத்துலக மகளிர் தினம். ஆகஸ்டு 25 மலேசிய மகளிர் தினம். இவ்விரண்டு நாள்களையொட்டியும் ஆண்டின் மற்ற மாதங்களிலும், பெண் தொழில்முனைவர்களுக்கான விருது விழாக்கள் நாட்டில் நடந்துகொண்டே இருக்கின்றன. வணிகச் சங்கங்கள், ஊடகங்கள், மகளிர் அமைப்புகள், தனியார் நிகழ்ச்சி நிறுவனங்கள் எனப் பலரும் இவற்றை நடத்துகின்றனர்.

முறுக்கும் அதிரசமும் செய்து விற்பவர், ரவிக்கை தைப்பவர், அழகு நிலையம் நடத்துபவர், திருமண வீடுகளுக்குச் சமையல் ஆர்டர் எடுப்பவர் என இந்தியச் சமுதாயப் பெண்கள் பலர் இன்று இந்த மேடைகளில் ஏறுகின்றனர். மறுநாள் காலை, கேடயத்தோடு எடுத்த படம் வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வருகிறது. வாழ்த்துகள் குவிகின்றன.

அடுத்த மாதம் அவருடைய வியாபாரத்தில் என்ன மாறியிருக்கிறது? விருதுகளின் எண்ணிக்கை கூடக்கூட, இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியமும் கூடுகிறது. ஏனெனில், சில விருதுகள் பெண்ணின் தொழிலுக்கு ஏதோ ஒன்றைக் கொடுக்கின்றன. வேறு சில, அவருடைய முதலிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன.

அங்கீகாரம் ஏன் தேவை?

விருதே வேண்டாம் என்று சொல்வது எளிது. ஆனால் நிலவரம் அப்படி இல்லை. 2016-ஆம் ஆண்டின் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, மலேசியாவில் பெண்களுக்குச் சொந்தமான சிறு, நடுத்தர நிறுவனங்கள் 186,930. மொத்தத்தில் இது 20.6 விழுக்காடு. ஐந்தில் ஒரு நிறுவனம்தான் பெண்ணுடையது. அவற்றிலும் பெரும்பாலானவை குறுந்தொழில்கள். அதாவது, ஆண்டு விற்பனை 300,000 வெள்ளிக்குக் குறைவாகவோ, முழுநேர ஊழியர்கள் ஐவருக்குக் குறைவாகவோ உள்ளவை.

வேலைச் சந்தையிலும் இதே இடைவெளிதான். நாட்டில் ஆண்களின் தொழிலாளர் பங்கேற்பு விகிதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்க, பெண்களின் விகிதம் அண்மைய ஆண்டுகளில்தான் 56 விழுக்காட்டை எட்டியது. பிள்ளைகளையும் முதியோரையும் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்ட பெண்கள், வீட்டிலிருந்தபடியே ஏதாவது ஒரு தொழிலைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது.

இந்தியப் பெண்களைப் பொறுத்தவரை இதற்குப் பின்னால் தோட்ட வரலாறும் இருக்கிறது. விடியுமுன் பெரட்டுக்குப் போய் மரம் சீவிய தலைமுறைக்குச் சம்பளமும் வீடும் தோட்டத்தோடு கட்டுண்டவை. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது வேலையோடு வீடும் போனது. அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில், பெண்ணின் கைத்திறன் பல வேளைகளில் அடுப்பெரிய உதவியது. ஆனாலும் அதை யாரும் தொழில் என்று சொன்னதில்லை. 'வீட்டில சும்மா ஏதோ செய்யுது' என்றுதான் சொன்னார்கள்.

அந்தச் 'சும்மா'வை ஒரு விருது உடைக்க முடியும். கணவரும் மாமியாரும் பிள்ளைகளும் அதைத் தொழிலாகப் பார்க்கத் தொடங்குவார்கள். புதிய வாடிக்கையாளருக்கு ஒரு நம்பிக்கை பிறக்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் துணிவு வரும். விருதின் உண்மையான பலன் இதுதான். இதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

உலக அளவில் நடப்பது

தொழில்துறைப் பெண்களுக்கான விருதுகளில் பழமையான ஒன்று, பிரான்சின் வவ் கிளிக்கோ மதுபான நிறுவனம் 1972-இல் தொடங்கியது. அந்த நிறுவனத்தை வளர்த்தவர் ஓர் இளம் விதவை. 1805-இல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது 27. பெண் ஒருத்தி வணிகம் நடத்துவதை ஊரார் ஏற்காத காலத்தில் அவர் பொறுப்பைக் கையில் எடுத்தார். அவர் நினைவாகவே இந்த விருது.

கார்ட்டியே நகை நிறுவனம் 2006-இல் தொடங்கிய பெண்கள் முன்னெடுப்புத் திட்டம் இன்னொரு வகை. சமூகத்துக்கோ சுற்றுச்சூழலுக்கோ பயன்தரும் தொழில் நடத்தும் பெண்களை அது தேர்ந்தெடுக்கிறது. அண்மைய ஆண்டுகளில் முதல் நிலைக்கு 100,000 அமெரிக்க டாலர், இரண்டாம் நிலைக்கு 60,000, மூன்றாம் நிலைக்கு 30,000 என மானியம் வழங்குகிறது. அதோடு நிற்பதில்லை. தொழில் பயிற்சி, வழிகாட்டிகள், முதலீட்டாளர்களின் அறிமுகம் என ஓராண்டு கூடவே வருகிறது.

மலேசியாவில் 'தி ஸ்டார்' நாளிதழ் நடத்தும் சோபா வணிக விருதில் பெண் தொழில்முனைவருக்கெனத் தனிப் பிரிவு உண்டு. அத்தகைய விருதுகளுக்கு வருபவை பெரும்பாலும் ஓரளவு வளர்ந்த நிறுவனங்கள். தாமானில் மேசை போட்டு நாசி லெமாக் விற்கும் பெண்ணுக்கு அந்த மேடை எட்டாத உயரம். அவரை நோக்கி வருவது வேறு வகை விருதுகள். எச்சரிக்கை தேவைப்படுவதும் அங்கேதான்.

பணம் எந்தப் பக்கமிருந்து வருகிறது?

ஒரு விருதின் தரத்தை அறிய ஒரே ஒரு கேள்வி போதும்: விழாவின் செலவை யார் ஏற்கிறார்கள்?

புரவலர் நிறுவனங்களோ சங்கமோ ஏற்றால், விருது பெறுபவர் விருந்தினர். விருது பெறுபவரே ஏற்றால், அவர் வாடிக்கையாளர். பெயர் முன்மொழிய இலவசம் என்பார்கள். 'நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்' என்ற செய்தி வந்த பிறகுதான் கட்டணப் பட்டியல் வரும். கேடயத்துக்கு ஒரு தொகை, விருந்து மேசைக்கு ஒரு தொகை, மலரில் ஒரு பக்க விளம்பரத்துக்கு ஒரு தொகை, காணொளிக்கு இன்னொன்று. கட்டாவிட்டால் பெயர் பட்டியலிலிருந்து நழுவிவிடும். உலகின் பல நாடுகளில் காணப்படும் வியாபார முறை இது. மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று.

இது சட்டவிரோதம் என்று சொல்லிவிட முடியாது. விழா நடத்தச் செலவாகும் என்ற ஏற்பாட்டாளர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு. சங்கங்களுக்கு மண்டப வாடகையும் சாப்பாட்டுச் செலவும் பெரும் சுமை. ஆனால், பணம் கட்டியதால் கிடைத்ததா, தகுதியால் கிடைத்ததா என்பது பார்ப்பவருக்குத் தெரியாமல் போவதுதான் சிக்கல். உண்மையாகவே உழைத்து வென்ற பெண்ணின் கேடயமும் அதே சந்தேகத்துக்கு ஆளாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேசை, கேடயம், விளம்பரம் எல்லாம் சேர்த்து 2,500 வெள்ளி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முறுக்குப் பொட்டலம் ஒன்றுக்கு 2 வெள்ளி 50 காசு இலாபம் பார்க்கும் பெண், அந்தத் தொகையை ஈட்ட 1,000 பொட்டலம் விற்க வேண்டும். அதே பணத்தில் மாவு பிசையும் இயந்திரமோ பொட்டலத்தின் வாயை ஒட்டும் இயந்திரமோ வாங்கியிருக்கலாம். அடுத்த தீபாவளிக்கு மாவும் எண்ணெயும் கடனில்லாமல் எடுத்திருக்கலாம்.

கேடயத்தை வங்கி கேட்பதில்லை

கடன் கேட்டுப் போகும் இடத்தில் வேறு தாள்கள் வேண்டும். முதலில் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மின் பதிவு. 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின் கீழ், தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் பதிந்தால் 60 வெள்ளி. அடுத்து, வங்கிக் கணக்கு அறிக்கை. பிறகு, பழைய கடன்களைக் காட்டும் பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் பதிவு.

இந்திய வணிகர்களுக்கென்று வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. தெக்குன் நேஷனல் வழியாக ஸ்பூமி கடன் திட்டம் பல ஆண்டுகளாக இருக்கிறது. 2024-இல் அது விரிவாக்கப்பட்டது. அதே ஆண்டில், அமானா இக்தியார் வழியாக இந்தியப் பெண்களுக்கென்றே 'பெண்' என்ற பெயரில் 5 கோடி வெள்ளித் திட்டம் அறிவிக்கப்பட்டது. பேங்க் ராக்யாட்டும் இந்தியத் தொழில்முனைவர்களுக்காக 5 கோடி வெள்ளியில் பிரீஃப்-ஐ திட்டத்தைத் தொடங்கியது. 1987-இல் அமைக்கப்பட்ட அமானா இக்தியார், வங்காளதேசத்தின் கிராமீன் வங்கி முறையைப் பின்பற்றிப் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் குறுங்கடன் கொடுக்கும் அமைப்பு.

இந்தக் கதவுகளைத் தட்ட முடியாதவர்கள்தான் வட்டிக்காரரிடமோ கூட்டுச் சீட்டிலோ போய் நிற்கிறார்கள். கூட்டு நடத்துவது 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தடை செய்யப்பட்டது. சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்ற தமிழ்ச்சொல் இருக்கிறது. நடத்துபவர் பணத்தோடு ஓடிவிட்டால் ஏமாந்தவர் பாடு திண்டாட்டம்தான்.

உணவுத் தொழிலில் இன்னும் சில படிகள் உண்டு. உணவைக் கையாள்பவர் பயிற்சி பெற்று டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். பேரங்காடியில் பொருளை வைக்க நினைத்தால் சுகாதார அமைச்சின் மெஸ்தி சான்றிதழ் முதல் ஹலால் சான்றிதழ் வரை கேட்கப்படலாம். இந்தத் தாள்களை நிரப்பிக் கொடுக்க ஆள் கிடைத்தால், பல பெண்களுக்கு அதுவே கேடயத்தைவிடப் பெரிய உதவி.

விடுபடுபவர் யார்?

தரமான விருதுகளிலும் ஒரு குறை உண்டு. சில விருதுகள் தணிக்கை செய்யப்பட்ட கணக்கறிக்கையைக் கேட்கின்றன. செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனங்களிடம் அது இருக்கும். தனியாளாகப் பதிந்து நடத்தும் எண்டர்பிரைஸ் தொழிலுக்குத் தணிக்கையைச் சட்டம் கேட்பதே இல்லை. ஆகவே, சின்னத் தொழில் நடத்தும் பெண் விண்ணப்பப் பாரத்தின் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்.

மொழியும் ஒரு தடை. பாரம் ஆங்கிலத்தில், நேர்காணல் ஆங்கிலத்தில், விழாவுக்கு வர கோலாலம்பூருக்கோ ஷா ஆலாமுக்கோ பயணம். சுங்கை சிப்புட்டிலோ குளுவாங்கிலோ தையல் கடை வைத்திருப்பவருக்கு ஒரு நாள் கடையை மூடுவதே இழப்பு. இதன் விளைவாக, ஏற்கெனவே தொடர்புகள் உள்ளவர்களே திரும்பத் திரும்ப மேடையேறுகிறார்கள். ஒரே முகம் மூன்று விழாக்களில் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

மாற்றுவது பெரிய செலவுள்ள காரியமில்லை. தேர்வு அடிப்படையையும் நடுவர்களின் பெயரையும் முன்கூட்டியே வெளியிடலாம். தேர்வானவரிடம் எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை என்று எழுத்தில் சொல்லலாம். பதிவு செய்து மூன்றாண்டுக்குள் இருப்பவர்களுக்கும் வீட்டிலிருந்து தொழில் செய்பவர்களுக்கும் தனிப் பிரிவு வைத்து, தணிக்கை அறிக்கைக்குப் பதிலாக ஆறு மாத வங்கி அறிக்கையையும் ரசீதுப் புத்தகத்தையும் ஏற்கலாம். தமிழிலும் மலாயிலும் பாரம் கொடுக்கலாம்.

இருபது பேருக்குக் கேடயம் கொடுப்பதற்குப் பதில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு இயந்திரமோ, கணக்காளரின் ஓராண்டு உதவியோ, சங்க உறுப்பினர்களின் நிறுவனங்களிலிருந்து ஆர்டரோ வாங்கித் தரலாம். அடுத்த ஆண்டு விழாவில் அந்த ஐவரின் தொழில் எங்கே நிற்கிறது என்று அறிவித்தால், அந்த விருதின் மதிப்பு தானாக உயரும்.

அழைப்பு வந்தால் கேட்க வேண்டியவை

விருதுக்குத் தேர்வாகியிருப்பதாகத் தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ செய்தி வந்தால், பெண் வணிகர்கள் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. என் பெயரை முன்மொழிந்தவர் யார்? என் தொழிலை நேரில் பார்த்தவர் யார்?
2. நடுவர்கள் யார்? எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தார்கள்?
3. நான் ஒரு காசும் கட்டாவிட்டாலும் விருது உண்டா?
4. ஒரே பிரிவில் எத்தனை பேருக்கு விருது? கடந்த ஆண்டு யாருக்குக் கிடைத்தது?
5. கேடயத்தைத் தவிர எனக்குக் கிடைப்பது என்ன?

மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், அது விருதா விளம்பரமா என்பது விளங்கிவிடும். விளம்பரம் என்று தெரிந்தே பணம் கட்டுவது அவரவர் விருப்பம். அந்தப் படத்தால் நாலு ஆர்டர் வரும் என்று கணக்குப் பார்த்துக் கட்டுபவரும் உண்டு. தெரியாமல் கட்டுவதுதான் நட்டம்.

மேடையைப் பார்த்துக் கைதட்டும் உறவினர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. கேடயப் படத்துக்கு 'வாழ்த்துகள்' என்று எழுதுவதோடு நில்லாமல், அந்த அக்காவிடம் ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கலாம். தள்ளுபடி கேட்காமல் வாங்கினால் இன்னும் நல்லது.