நீல ரோஜாவும் எங்கள் 210 ரூபாயும்



சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஆறு மண் தொட்டிகள் காலியாகக் கிடக்கின்றனவே, பார்த்திருக்கிறீர்களா? அவை ஏன் காலியாக இருக்கின்றன என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இதில் என் தப்பும் இருக்கிறது. அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

போன வருடம் எங்கள் வகுப்பில் 42 பேர் ஆளுக்கு 5 ரூபாய் போட்டு 210 ரூபாய் சேர்த்தோம். பசுமைப் படைக்காகப் பூச்செடி வாங்குவதாகத் திட்டம். பக்கத்து நர்சரியிலேயே வாங்கலாம் என்று சிலர் சொன்னார்கள். "அதெல்லாம் எல்லார் வீட்லயும் இருக்குற செடிடா" என்று சொல்லி, அண்ணனின் செல்போனில் ஒரு படத்தைக் காட்டியவன் நான்தான். வானத்து நீலத்தில் ஒரு ரோஜா! '100 விதை, வீடு தேடி வரும்' என்று போட்டிருந்தது. பார்த்த உடனே எல்லோரும் கை தூக்கிவிட்டோம்.

ஒன்பதாம் நாள் கூரியர் வந்தது. பணத்தைக் கொடுத்த பிறகுதான் கவரைப் பிரிக்க முடிந்தது. உள்ளே சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பாக்கெட். அதில் விற்றவர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. முறை போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். மூன்று வாரம் கழித்து ரெண்டு தொட்டியில் மட்டும் புல் மாதிரி ஏதோ முளைத்தது. அறிவியல் டீச்சர் வந்து பார்த்தார்கள். "இது ரோஜா இல்லப்பா. என்ன செடின்னே தெரியாதத வளர விடக் கூடாது, பிடுங்கிருங்க" என்றார்கள். விற்றவருக்கு மெசேஜ் மேல் மெசேஜ் போட்டோம். பதிலே இல்லை.

அதன் பிறகு டீச்சர் சொன்னதைக் கேட்டு வெட்கமாகிவிட்டது. நீல நிறத்தைத் தருகிற நிறமி ரோஜாவுக்கு இயற்கையிலேயே கிடையாதாம். ஜப்பானில் சன்டோரி என்ற நிறுவனம் பல வருடம் ஆராய்ச்சி செய்து, வேறொரு பூவின் மரபணுவைச் சேர்த்து, 2004-இல் 'நீல ரோஜா' என்று அறிவித்தது. அது கடைக்கு வந்தது 2009-இல். அதுவும் பார்ப்பதற்கு இளம் ஊதாதானாம்! அவ்வளவு பெரிய கம்பெனியால் முடியாத நீலம் எங்கள் 210 ரூபாய்க்கு வந்துவிடுமா? போதாததற்கு, ரோஜாவைக் குச்சி நட்டும் ஒட்டுக் கட்டியும்தான் பெருக்குவார்கள். விதை போட்டால் தாய்ச் செடியின் பூவே அப்படியே வராது. இது நர்சரி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை.

என் அப்பா சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கலர் அச்சுக்கு நாலே மைதான்டா. நாங்க எத்தன காலண்டருக்கு ரோஜா அடிச்சிருக்கோம்! படத்துல தெரியுறது பூவோட நீலம் இல்ல, மையோட நீலம். செல்போன்ல அந்த மை கூட வேண்டாம்."

நம்ம ஊர் பெயரைச் சொல்லி நடக்கும் கூத்தும் எல்லோருக்கும் தெரியும். பட்டாசை ஆன்லைனில் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவு போட்டது. அப்படியும் 'சிவகாசி விலையில் பட்டாசு' என்று போலியான விளம்பரங்கள் வருகின்றன. 2024 தீபாவளிக்கு முன்னால் தமிழ்நாடு சைபர் கிரைம் போலீசாரே எச்சரிக்கை கொடுத்தார்கள். படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பி ஏமாந்த வெளியூர்க்காரர்களைப் பற்றிக் கேட்டு நாம் சிரித்தோம். கடைசியில் நாங்களும் அதைத்தான் செய்தோம்!

"210 ரூபாய் ஒரு பெரிய பணமா?" என்று சிலர் கேட்கிறார்கள். பட்டாசு ஆலைக்குப் போய் வரும் அம்மாவிடம் கேட்டு வாங்கிய 5 ரூபாயும் அதில் இருக்கிறது நண்பர்களே.

பணத்தை விடப் பெரிய ஆபத்தும் உண்டு. சாத்தூர் ரோட்டில் பஸ்ஸில் போனால் ஜன்னல் பக்கம் என்ன தெரிகிறது? சீமைக் கருவேலம்! அது நம்ம மரம் இல்லை. வறண்ட பூமிக்கு விறகு மரம் வேண்டும் என்று சென்னை மாகாண வனத்துறை அதிகாரி ஒருவர் 1876-இல் விதை கேட்டுக் கடிதம் எழுதினார். விதை ஜமைக்காவிலிருந்து வந்தது. 1877-இல் கடப்பைப் பக்கம் விதைத்தார்கள். நல்லெண்ணத்தில் வரவழைத்த விதைதான். இன்று கண்மாயையும் தரிசையும் அடைத்து நிற்கிறது. இப்படிப்பட்ட அந்நியத் தாவரங்களை அகற்றவே தமிழக அரசு 2022-இல் தனியாக ஒரு கொள்கை வகுத்தது. 2020-இல் பல நாடுகளில் யாரும் கேட்காமலே தபாலில் மர்ம விதைப் பாக்கெட்டுகள் வந்தபோது, நம் மத்திய வேளாண் அமைச்சகமும் எச்சரித்தது. டீச்சர் அந்த முளையைப் பிடுங்கச் சொன்னதன் அர்த்தம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அதற்காகத் தபாலில் விதையே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல விதை காய்ந்த பொருள், பயணத்தைத் தாங்கும். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இணையம் வழியாகக் காய்கறி விதைகளை விற்று அனுப்புகிறது. அது யார், எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். விதைச் சட்டம் 1966-இன்படி அறிவிக்கப்பட்ட ரகங்களின் பாக்கெட்டில் பயிர், ரகம், முளைப்புத் திறன், பரிசோதித்த தேதி, விற்பவரின் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். பார்க்க வேண்டியது அந்தச் சின்ன எழுத்தைத்தான், பெரிய படத்தை அல்ல!

இந்த வருடமும் பசுமைப் படைக்குப் பணம் சேர்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மறுபடியும் ஒரு 'அதிசயச் செடி' பேச்சு வருமாம். என் கருத்து இதுதான்:

1. பெயரும் முகவரியும் இல்லாத இடத்தில் விதை வாங்க வேண்டாம்.

2. ஆர்டர் போடும் முன் அறிவியல் டீச்சரிடமோ, செடி வளர்க்கும் பெரியவர் ஒருவரிடமோ கேட்போம்.

3. எந்த விதை வந்தாலும் முதலில் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைப்போம். ஏழெட்டாவது முளைத்தால் மற்றதை விதைப்போம்.

4. செம்பருத்தி, நந்தியாவட்டைக்குக் காசே வேண்டாம். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் ஒரு குச்சி கேட்டால் போதும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஆறு தொட்டியும் நிரம்ப வேண்டும். முதல் குச்சியை நான் கொண்டுவருகிறேன். நீங்கள் என்ன கொண்டுவருவீர்கள்?

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்