கடன் தள்ளுபடியா? ஆள் மாற்றி வசூலா?



கல்லூரி வாசலிலும் கடைத்தெருவிலும் சிறு பிரசுரங்களைக் கையில் தந்து சிலர் அழைக்கிறார்கள். உங்கள் பாவத்துக்கு இயேசு விலை கொடுத்துவிட்டார், நம்பினால் போதும், இரட்சிப்பு உண்டு என்கிறார்கள். உரசிப் பார்க்க நமக்கு உரிமை இல்லையா?

ஒருவர் உங்களுக்குப் பத்தாயிரம் ரூபாய் தரவேண்டும். "போகட்டும், விட்டுவிட்டேன்" என்றால் அது மன்னிப்பு. அதே தொகையை, கடனே வாங்காத இன்னொருவரிடம் கறந்துவிட்டு, "மன்னித்துவிட்டேன்" என்றால்? அது வசூல்!

"கொடுத்தவரும் கடவுள்தான், அன்பினால் தாமே சுமந்தார்" என்பார்கள். அப்படியானால் வாங்கியவர் யார்?

இது நாம் கிளப்பிய கேள்வி அல்ல. சாத்தானுக்குக் கொடுத்த மீட்புத்தொகை என்றார் மூன்றாம் நூற்றாண்டின் ஓரிகன். சுமார் 1098ல் கான்டர்பரி பேராயர் அன்செல்ம் அந்த விளக்கத்தை மறுத்தார். கடவுளின் மாண்புக்குச் செலுத்திய ஈடு என்றார். அடுத்த தலைமுறையில் அபெலார்ட் இரண்டையும் ஏற்கவில்லை. அஸ்திவாரம் என்று சொல்லப்படும் கொள்கைக்கு இத்தனை விளக்கங்களா?

நம்பிக்கை மட்டும் போதுமா, நற்செயலும் வேண்டுமா? அதிலும் சண்டை! ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்ட விற்கப்பட்ட பாவமன்னிப்புச் சீட்டுகளை எதிர்த்து 1517ல் லூதர் கிளம்பினார். நம்பிக்கை மட்டுமே போதும் என்ற அவரது போதனையை 1547ல் திரெந்து சங்கம் கண்டித்தது. லூத்தரன் சபைகளும் கத்தோலிக்கரும் இதில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டது 1999 அக்டோபர் 31ல்தான்!

அவர்களுடைய வேதத்திலேயே எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தைப் புரட்டச் சொல்லுங்கள். தகப்பனின் பாவத்தை மகன் சுமப்பதில்லை என்பதே அதன் சாரம். ஆதமின் பாவம் மட்டும் பேரப்பிள்ளைகள் தலையில் ஏறியது எப்படி? ஆதம் (அலை) மன்னிப்புக் கேட்டார்; இறைவன் மன்னித்தான். கணக்கு அங்கேயே முடிந்தது என்கிறது குர்ஆன்.

கேளுங்கள், ஆனால் ஏளனம் வேண்டாம். ஈஸா (அலை) நமக்கும் நபி.

நம் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள்! எடையில் குறைத்து, பங்காளியின் பணத்தை அமுக்கிவிட்டு, ஓர் உம்ரா போய்வந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர் நம்மில் இல்லையா? அன்று சீட்டு வாங்கியவருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? அடியார்களின் ஹக்கை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அல்லது அவரே மனம் பொருந்தி விட்டுத்தர வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

அடுத்தவர் சுமையை யாரும் சுமக்க மாட்டார் என்று பிறருக்குச் சொல்லும் நாம், நம் சுமையை யார் தலையில் வைக்கப் போகிறோம்? நாளை கல்லாவைத் திறக்குமுன் சிந்தியுங்கள்!